பிஸ்கட் டின்னில் இருந்த விரல்கள்

நம்ம இசை அறைக்கு வந்திருக்கும் புதுக் கீபோர்டைப் பற்றி ஒரு வதந்தி. பத்தாம் வகுப்பு வராண்டாவில் ஆரம்பித்து சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. "பென் டிரைவைச் செருகினா ஒரு பாட்டுகூடத் தெரியலையாம்டா. வாங்கும்போதே ரிப்பேராம்." நண்பர்களே, ரிப்பேர் எல்லாம் ஒன்றும் இல்லை. முன்னாள் மாணவர்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்த நல்ல கருவி அது. நீங்கள் செருகிய பென் டிரைவில் இருந்தது முழுக்க எம்.பி.3. அந்தக் கீபோர்டு படிப்பது மிடி. அவ்வளவுதான் தகராறு.

இரண்டும் பாட்டுதானே, என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். எம்.பி.3 என்பது பார்சல் சாப்பாடு. பிரித்தால் உடனே சாப்பிடலாம். ஆனால் வத்தக்குழம்பில் புளி தூக்கலா இருந்தா அதைத் திரும்ப எடுக்க முடியாது. மிடி பைல் சமையல் குறிப்பு. அதைத் தின்ன முடியாதுதான். ஆனால் புளியைக் குறைக்கலாம், நாலு பேருக்கு எழுதினதை நாற்பது பேருக்குச் செய்யலாம். கீபோர்டுதான் சமையல்காரர். மிடி பைலுக்குள் ஒரு துளி சத்தம்கூடக் கிடையாது. எந்தக் கீயை, எந்த நேரத்தில், எவ்வளவு வேகமா அழுத்தினார்கள், எப்போது விட்டார்கள் என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும்.

இதை நான் சுவர் இதழில் எழுதுவதற்குக் காரணம் கீபோர்டு இல்லை, ஒரு பிஸ்கட் டின். இசை அறை பீரோவின் அடித்தட்டில் அது இருந்தது. உள்ளே 14 பிளாப்பி. (சின்ன வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு: கம்ப்யூட்டரில் 'சேவ்' பட்டனில் ஒரு சதுரப் படம் வருமே, அந்தச் சாமான் நிஜத்திலும் உண்டு. அதன் பெயர் பிளாப்பி.) ஒவ்வொன்றிலும் ஒட்டிய தாளில் நம்ம பழைய பாட்டு டீச்சரின் கையெழுத்து. 'காலை வழிபாடு', 'பள்ளிப் பாட்டு 5½', 'த.தா.வாழ்த்து', 'ஆண்டு விழா 2003' இப்படி. டீச்சர் 2009-இல் ஓய்வு பெற்றவர். அப்போதிருந்த கீபோர்டில் பிளாப்பி போடும் வாய் இருந்தது. வாசித்ததை அதிலேயே பதிந்து வைத்திருக்கிறார். அந்தக் கீபோர்டில் இப்போது நாலு கீ அமுங்குவதில்லை, பிளாப்பி வாய் வேலையே செய்வதில்லை. அரையாண்டு விடுமுறையில் பீரோவைக் காலி செய்யும்போது டின்னும் பழைய பேப்பர்காரரிடம் போவதாக இருந்தது. "பள்ளிப் பாட்டுதான் செல்போன்ல எம்.பி.3-யா இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்பது பலருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்குத்தான் இந்தத் தாள் முழுக்கப் பதில்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு பிளாப்பியின் கொள்ளளவு 14,74,560 பைட். சி.டி. தரத்தில் உள்ள வேவ் பைல், ஒலி அலையை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளக்கும். ஒவ்வொரு அளவுக்கும் 2 பைட், இடது வலது என்று இரண்டு பக்கம். ஆக விநாடிக்கு 1,76,400 பைட். வகுத்துப் பாருங்கள், ஒரு பிளாப்பியில் 8 விநாடிதான் அடங்கும்! நம்ம கோரஸ் சுருதி சேர்ப்பதற்குள் பிளாப்பி தீர்ந்துவிடும். எம்.பி.3 என்றால், 128 கிலோபிட் வேகத்தில், ஒன்றரை நிமிஷம். காதுக்கு எப்படியும் எட்டாத நுணுக்கங்களைக் கழித்துக் கட்டித்தான் அது இவ்வளவு சிறிதாகிறது. டீச்சரின் பள்ளிப் பாட்டு மிடி பைலோ மொத்தமே 23 கிலோபைட். ஒரே பிளாப்பியில் அதுபோல் அறுபது பாட்டு வைக்கலாம். அந்தக் காலத்தில் கீபோர்டுகளுக்குப் பிளாப்பி போதுமானதாக இருந்தது இதனால்தான்.

எப்படி இவ்வளவு சிறிசு? ஒரு சுரத்தை அழுத்தினால் பைலில் விழுவது மூன்றே எண்கள். உதாரணமாக 144, 60, 90. இதில் 144 என்றால் 'முதல் சேனலில் ஒரு கீ அமுங்கியது' என்று அர்த்தம். 60 என்பது கீபோர்டின் நடு 'சி', நம்ம பாஷையில் ஒரு கட்டை ஸ. 90 என்பது அழுத்திய வேகம். அதிகபட்சம் 127. மெதுவாத் தொட்டா 30, 40. கோபத்தில் அடிச்சா 120. அடுத்த சங்கதி வரும்வரை எவ்வளவு நேரம் காத்திருக்கணும் என்று ஓர் எண் கூடவே இருக்கும். இவ்வளவுதான் மிடி. கணக்கு நோட்டு மாதிரி இருக்கு, இல்ல?

இந்த ஏற்பாட்டுக்கு வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது. 1983 ஜனவரியில் அமெரிக்காவில் 'நேம்' என்ற இசைக்கருவிக் கண்காட்சி நடந்தது. அங்கே சீக்வென்ஷியல் கம்பெனியின் கருவி ஒன்றையும் ரோலண்டு கம்பெனியின் கருவி ஒன்றையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். ஒன்றை வாசித்தால் மற்றதும் ஒலித்தது. போட்டிக் கம்பெனிகள் இரண்டு ஒரே பாஷை பேசியது அன்றைக்குத்தான். இதற்குப் பாடுபட்ட டேவ் ஸ்மித், இகுதாரோ காகெஹாஷி இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். இருவருமே இப்போது இல்லை. காகெஹாஷி 2017-இலும் ஸ்மித் 2022-இலும் மறைந்தார்கள். மிடியைப் பைலாகச் சேமிக்கும் முறை 1988-இல் தரப்படுத்தப்பட்டது. அதனால்தான் 2003-இல் ஒரு கம்பெனிக் கீபோர்டில் டீச்சர் பதிந்ததை, இன்றைக்கு வேறு கம்பெனிக் கீபோர்டு தயங்காமல் படிக்கிறது. செல்போன் சார்ஜர் விஷயத்தில்கூட இந்த ஒற்றுமை வர எத்தனை வருஷம் ஆச்சு, பாருங்க.

சரி, பிளாப்பிக்கு வருவோம். எங்க பெரியப்பா மகன் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். அவரிடம் யூ.எஸ்.பி.யில் செருகும் பிளாப்பி டிரைவ் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டின்னோடு போனேன். தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கித்தான். அண்ணன் முதலில் ஒவ்வொரு பிளாப்பியின் மூலையிலும் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி, ஓட்டை தெரியும்படி வைத்தார். அப்படி வைத்தால் படிக்க மட்டும்தான் முடியும், தவறிக்கூட அழியாது. "கம்ப்யூட்டர் 'ஃபார்மட் பண்ணவா?'ன்னு கேட்கும் தம்பி. என்ன ஆனாலும் 'நோ'தான்" என்றார். பதினொன்று படித்தது. மூன்று படிக்கவில்லை, டர் டர்ரென்று சத்தம் மட்டும். அதில் ஒன்றின் உள்தகட்டில் வெள்ளையாகப் பூஞ்சை. பிளாப்பி என்பது காந்தப் பூச்சுப் பூசிய ஒரு மெல்லிய தகடுதான். இருபது வருஷ ஈரக்காற்று அதைச் சும்மா விடுமா?

பள்ளிப் பாட்டைக் கம்ப்யூட்டரில் திறந்து பட்டியலாகப் பார்த்தோம். அந்தப் பைலில் ஒரு தாளத் தட்டை 96 துண்டாக வெட்டியிருந்தது. டெம்போ 80. அப்படியானால் ஒரு துண்டு ஏறக்குறைய 8 மில்லி விநாடி. பட்டியலை நகர்த்திக்கொண்டே வந்த அண்ணன் ஓர் இடத்தில் நிறுத்தினார். ஒவ்வொரு அடியின் முதல் சுரமும் சரியான இடத்தில் இல்லை. 28, 30, 32 துண்டு தள்ளி விழுந்திருக்கிறது. அதாவது கால் விநாடி தாமதம். அடுத்த இரண்டு மூன்று சுரத்தில் தாளத்தைப் பிடித்துவிடுகிறார். அடுத்த அடியில் மறுபடியும் தாமதம்.

"உங்க டீச்சர் கொஞ்சம் பின்தங்குறாங்க. குவாண்டைஸ் பண்ணிடவா? ஒரே கிளிக்" என்றார் அண்ணன். குவாண்டைஸ் என்றால், தள்ளி விழுந்த சுரங்களை எல்லாம் பக்கத்தில் உள்ள கோட்டில் இழுத்து வைப்பது. வரிசையில் பிள்ளைகளை நேராக நிறுத்துவது மாதிரி. மெல்லிசைக் குழுவில் அது தினப்படி வேலை, அவர் கேட்டதில் தப்பில்லை. நான் வேண்டாம் என்றேன். "அண்ணே, ஒரு தடவைன்னா கை தவறிடுச்சுன்னு சொல்லலாம். எல்லா அடியிலயும் அதே கால் விநாடின்னா, அவங்க தெரிஞ்சுதான் செஞ்சிருக்காங்க. டீச்சரையே கேட்டுடலாம்." அவரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

புதுக் கீபோர்டில் போட்டபோது ஒரு வேடிக்கை நடந்தது. பின்னால் ஓட வேண்டிய தம்புராவுக்குப் பதிலா சிதார் 'டொய்ங் டொய்ங்' என்று கிளம்பியது! காரணம் இதுதான். எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று 1991-இல் 128 வாத்தியங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் போட்டார்கள். ஜெனரல் மிடி என்று பெயர். 1 பியானோ, 74 புல்லாங்குழல், 105 சிதார், 112 ஷெனாய். நம்ம வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை, தம்புராவும் இல்லை. யமஹா கம்பெனி 1994-இல் கொண்டுவந்த 'எக்ஸ்.ஜி.' என்ற விரிந்த பட்டியலில் 105-க்குப் பின்னால் கூடுதல் எண்ணில் தம்புரா உண்டு. டீச்சர் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். வேறு கம்பெனிக் கீபோர்டுக்கு அந்தக் கூடுதல் எண் புரியாது. அது 105-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு சிதாரை வாசித்துவிட்டது. அந்தச் சேனலை மட்டும் அணைத்துவிட்டு, அறையில் இருக்கும் எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டியை வைத்தோம். சரியாகிவிட்டது. எம்.பி.3-யில் இப்படி ஒரு வாத்தியத்தை மட்டும் தனியே அணைக்கக் கீபோர்டில் வழி கிடையாது.

இன்னொரு பிளாப்பியில் இருந்த தேவாரப் பாட்டைப் பற்றியும் சொல்லணும். மிடி பியானோக் கட்டைகளை மனசில் வைத்துப் பிறந்த சமாசாரம். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு படி, படிக்கும் படிக்கும் நடுவே ஒன்றுமில்லை. நம்ம கமகமோ படிக்கு நடுவில்தானே வாழ்கிறது! அதற்குக் கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் உண்டு. பிட்ச் பெண்ட் என்பார்கள். பைலில் அது 0 முதல் 16,383 வரை ஓர் எண்ணாக விழும். 8,192 நடு. ஆனால் ஒரு சேனலில் சக்கரத்தைத் திருப்பினால், அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரமும் சேர்ந்து வளையும். வலது கையில் கமகம் கொடுத்தால் இடது கைச் சுரமும் கூடவே குழையும். டீச்சர் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? இடது கையைத் தனியாக ஒரு சேனலில் முதலில் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே வலது கையையும் சக்கரத்தையும் இன்னொரு சேனலில் பதிந்திருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுத்திருக்க வாய்ப்பில்லை. 2003-இல் நம்ம ஊரில் யாரைக் கேட்பது?

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நம்ம கோரஸில் இந்த வருஷம் பிளஸ் ஒன் பசங்க அதிகம். குரல் உடைந்த குரல் (என்னுடையதும்தான்). செல்போனில் உள்ள பள்ளிப் பாட்டு ஐந்தரைக் கட்டை. சரணத்தில் மேலே போகும்போது பாதிப் பேர் வாயை மட்டும் அசைக்கிறோம் என்பது முன்வரிசையில் நிற்கும் ஆசிரியர்களுக்கு நன்றாகவே தெரியும். மிடியில் ஐந்தரைக் கட்டை ஸ என்பது 68. நாலு கட்டைக்கு 65. எல்லாச் சுரத்திலும் 3 கழித்தால் போதும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை மைனஸ் 3-க்கு வைத்தோம், முடிந்தது. தாளம் பத்தாவது சேனலில் இருப்பதால் அது அப்படியே நிற்கும். தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் இதேபோல் ஒரு வேலை. 2021 டிசம்பரில் தமிழக அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், விழாக்களில் இசைத்தட்டைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்றும் சொன்னது. டீச்சரின் பைல் ஓடியது 62 விநாடி. டெம்போவை 80-இலிருந்து 90-க்கு ஏற்றினோம், 55-க்கு வந்துவிட்டது. சுருதி மயிரிழைகூட மாறவில்லை. பயிற்சிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறோம். மேடையில் நம்ம தொண்டைதான்.

எம்.பி.3-யை மிடியாக மாற்றினால் என்ன என்று ஒருவர் கேட்டார். பார்சல் குழம்பை ருசி பார்த்து, புளி எத்தனை கிராம் என்று எழுதுகிற வேலை அது. அதற்கும் மென்பொருள் வந்துவிட்டது. ஸ்பாட்டிஃபை 2022-இல் வெளியிட்ட 'பேசிக் பிட்ச்' இலவசமாகவே கிடைக்கிறது. தனிப் புல்லாங்குழல் கொடுத்தால் ஓரளவு சரியாக எழுதும். நம்ம கோரஸ் எம்.பி.3-யைக் கொடுத்துப் பார்த்தோம். வந்ததைக் கேட்டு அண்ணன் அரைமணி நேரம் சிரித்தார்.

போன மாதம் டீச்சர் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். இப்போது அவர்களுக்குக் கை நடுக்கம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் காபி குடித்தார்கள். கீபோர்டில் பைலைப் போட்டதும், யாரும் தொடாமலே பாட்டு ஓடியது. முதல் அடி முடிந்து இரண்டாவது அடி ஆரம்பிக்கும் இடத்தில் டீச்சரின் தலை லேசாக ஆடியது, அந்தக் கால் விநாடியில். நான் மெதுவாகக் கேட்டேன். "டீச்சர், எல்லா அடியிலயும் முதல் சுரம் கொஞ்சம் தள்ளி வருதே?"

"ஆறாங்கிளாஸ் பிள்ளைங்கப்பா" என்றார்கள். "அடி முடிஞ்சதும் அதுங்க மூச்சு எடுக்கணும்ல. நான் நேரா எடுத்தா அதுங்க முதல் எழுத்தை முழுங்கிடும். அதான் நின்னு எடுப்பேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டீச்சர் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். இரண்டாம் தடவை நாங்கள் கூடவே பாடினோம். 'நின்னு எடுக்கிற' இடத்தில் எங்களுக்கும் மூச்சு கிடைத்தது. செல்போன் எம்.பி.3 பின்னாளில் ஸ்டூடியோவில் தட்டுக்குத் தட்டு நேராக வாசித்துப் பதிந்தது. அதோடு பாடும்போது ஏன் ஓடிப் பிடிக்கிற மாதிரி இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி கீபோர்டைத் தொடப் போகிறவர்கள் கவனிக்க. பதினொரு பிளாப்பியில் இருந்த பாட்டும் இப்போது இசை அறைப் பென் டிரைவில் இருக்கிறது. கம்ப்யூட்டர் லேபில் ஒரு பிரதி, தலைமையாசிரியர் அறையில் ஒரு பிரதி. பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருக்கிறோம், வேறு முறையில் மாற்றினால் கீபோர்டுக்குக் கண் தெரியாது. பைல் பெயரைத் தமிழில் வைத்தால் திரையில் கட்டம் கட்டமாகத்தான் வரும், ஆங்கிலத்தில் சின்னதாக வையுங்கள். வீட்டில் பழைய கீபோர்டு உள்ளவர்கள் ஒன்று பாருங்கள். மிடி பைலில் 'ஃபார்மட் 0', 'ஃபார்மட் 1' என்று இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. முதலாவதில் எல்லாம் ஒரே டிராக், இரண்டாவதில் தனித்தனி டிராக். சில பழைய கருவிகள் 0-வை மட்டும்தான் படிக்கும். கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ளலாம். அண்ணன் குழுவில் பயன்படுத்தும் 'ஸ்டைல்' பைல்கள் தனிக் கதை. யமஹாவுக்கும் கோர்குக்கும் பைலின் வால் எழுத்து ஒன்றே, ஆனால் ஒன்றை மற்றது படிக்காது. தயவுசெய்து அதைக் கொண்டுவந்து செருகிவிட்டு மறுபடி 'ரிப்பேர்' என்று கிளப்பாதீர்கள்!

படிக்காத மூன்று பிளாப்பியின் மேல் எழுதியிருப்பது: 'வழியனுப்பு விழா', 'கும்மி', இன்னொன்றில் மை அழிந்து 'தாலா' மட்டும் தெரிகிறது. தாலாட்டாக இருக்கலாம். டீச்சருக்கும் நினைவில்லை. ஒரு டிரைவ் படிக்காததை இன்னொரு டிரைவ் சில சமயம் படித்துவிடும் என்கிறார் அண்ணன். உங்கள் வீட்டிலோ, சித்தப்பா ஆபீஸிலோ, தெருமுனை ஜெராக்ஸ் கடையிலோ பிளாப்பி டிரைவ் உள்ள பழைய கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தால், பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவில் வந்து சொல்லுங்கள். டின்னை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.